ஒட்டியதெல்லாம் ஏற்பியா? மனிதச் சிறுநீரகமும் மெலடோனினும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2000-ஆம் ஆண்டு. பிரான்சில் செர்வியே மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிரிய ஹாம்ஸ்டர்களின் சிறுநீரகங்களை அரைத்து, வடித்து, பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனினின் மூன்றாவது ஏற்பியை, அதாவது அதன் செய்தியைக் கேட்டுச் செல்லுக்குள் சொல்லும் புரதத்தை. முதல் இரண்டும் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டன. மூன்றாவதற்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது, எம்டி3 என்று. ஆள்தான் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது. ஆனால் அது ஏற்பி அல்ல, ஒரு நொதி.

மருந்தியல் படிப்பவர்களுக்கு இது ஓரளவு தெரிந்த கதைதான். எனக்கு இதில் உறுத்தலாக இருந்தது வேறொரு விஷயம். ஹாம்ஸ்டர் சிறுநீரகத்தில் மெலடோனின் ஒட்டிய இடம் ஏற்பி இல்லை என்றால், அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மனிதச் சிறுநீரகத்தில் மெலடோனின் ஒட்டுகிறது என்று ஹாங்காங்கிலிருந்து வந்த முடிவு என்ன ஆகிறது? அதுவும் ஏமாற்றுதானா? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் மெலடோனினைப் பற்றி இரண்டு வரி. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் மாட்டின் மூளையில் உள்ள பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர். தவளைத் தோலை வெளிறச் செய்யும் பொருள் மனிதத் தோல் நோய்க்கு உதவுமா என்பதுதான் அவருடைய அக்கறை, தூக்கம் அல்ல. இருட்டினால் சுரக்கும், வெளிச்சம் பட்டால் நிற்கும். கல்லீரல் அதை மாற்றி சல்பேட்டாக்கி அனுப்ப, சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஒருவருடைய இரவு மெலடோனின் எவ்வளவு என்று அறிய, காலையில் சிறுநீரில் அந்தச் சல்பேட்டை அளந்தாலே போதும். ஆக, சிறுநீரகத்துக்கு இதில் ஒரு வேலை இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சாக்கடை வேலை. அந்த உறுப்பு மெலடோனினைக் கழிப்பதோடு நிற்காமல், அது சொல்வதைக் கேட்கவும் செய்கிறதா என்பதுதான் பிரச்சினை.

கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எங்கே ஒட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நீண்ட காலம் அது முடியாத காரியமாக இருந்தது. கையில் இருந்தது டிரிட்டியம் என்கிற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய மெலடோனின். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுக்கும் மேல். அதாவது அணுக்கள் சாவகாசமாகச் சிதையும், கருவியில் எண்ணிக்கை ஏறாது. ஏற்பிகளோ திசுப் புரதம் ஒரு மில்லிகிராமுக்கு ஃபெம்டோமோல் கணக்கில்தான் இருக்கும். ஒரு ஃபெம்டோமோல் என்பது மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கின் ஆயிரத்தில் ஒன்று. கிணற்றில் விழுந்த ஊசியை அகல் விளக்கு வெளிச்சத்தில் தேடுகிற மாதிரி.

1980-களில் நிலைமை மாறியது. மெலடோனினின் 2-ஆவது இடத்தில் அயோடின்-125 அணு ஒன்றைப் பொருத்தினார்கள். அயோடின்-125-இன் அரை ஆயுள் சுமார் 60 நாள். மூலக்கூறுக்கு ஓர் அணு என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே நேரத்தில் டிரிட்டியத்தைவிட ஏறக்குறைய 75 மடங்கு சிதைவுகள் பதிவாகும். போனஸாக இன்னொன்றும் கிடைத்தது. பெரிய அயோடின் அணுவை ஓரத்தில் ஒட்டினால் மூலக்கூறு ஏற்பிக்குள் சரியாக உட்காராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ்: அயோடோமெலடோனின் அசலைவிட இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. அப்புறம் என்ன, கிடைத்த திசுவையெல்லாம் இதில் நனைத்துப் பார்க்கிற காலம் தொடங்கியது.

அந்தச் சோதனை மேசையில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸிலிருந்து ஒரு துண்டு. பனிக்கட்டியில் வைத்த தாங்கல் கரைசலில் போட்டு அரைக்க வேண்டும். மைய விலக்கியில் சுழற்றினால் செல் சவ்வுகள் அடியில் மங்கிய பழுப்பு நிறக் குழம்பாகப் படியும். அதை இரண்டு வரிசைக் குழாய்களில் பிரித்து ஊற்றுவார்கள். முதல் வரிசையில் கதிரியக்க அயோடோமெலடோனின் மட்டும். இரண்டாவதில் அதோடு கதிரியக்கம் இல்லாத சாதா மெலடோனினும், அளவுக்கு மீறி. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி இழை வடிதாளில் ஊற்றி, வெற்றிடத்தால் உறிஞ்சி, குளிர்ந்த தாங்கல் கரைசலால் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். தாளில் மிஞ்சியதைக் காமா கவுண்டரில் எண்ண வேண்டும்.

சாதா மெலடோனின் கூட்டமாக வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட குழாயில் கதிரியக்கம் குறைவாக இருக்கும். அங்கே எண்ணிக்கையில் வருவது கண்ட இடத்தில் ஒட்டிய அழுக்கு. முதல் வரிசை எண்ணிலிருந்து அதைக் கழித்தால் வருவது குறிப்பிட்ட பிணைப்பு. இந்தக் கழித்தல் கணக்குக்கு மேல்தான் ஏற்பி ஆராய்ச்சியின் பாதி நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு சொல்வது, மெலடோனின் வடிவத்துக்குப் பொருந்தும் ஒரு குழி திசுவில் எங்கோ இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்தக் குழி ஒரு காதா, வெறும் பள்ளமா என்று அது சொல்லாது.

1995-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் எஸ். எஃப். பாங் உள்ளிட்டோர் மனிதச் சிறுநீரகத்தில் இதே அயோடோமெலடோனின் பிணைப்பு இடங்களைக் காட்டினார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே இன்னொரு பொருளின் நீண்ட பெயரும் இருந்தது: குவனோசின் ஐந்து ஓ மூன்று தயோட்ரைபாஸ்பேட். ஆய்வகத்தில் எல்லோரும் ஜிடிபி காமா எஸ் என்றுதான் சொல்வார்கள். வாசிக்கிறவர் கண் அதைத் தாண்டி ஓடிவிடும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான். வழக்கு முழுக்க அந்தப் பெயரில்தான் தொங்குகிறது என்பது பின்னால் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஜிடிபி காமா எஸ் என்ன செய்யும்? மெலடோனின் ஏற்பி சவ்வில் தனியாக நிற்பதில்லை. செல்லின் உட்புறம் ஜி-புரதம் என்கிற கூட்டாளியோடு கைகோத்து நிற்கிறது. அந்தக் கூட்டாளி பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஏற்பி மெலடோனினை இறுக்கமாகப் பிடிக்கும். செல்லுக்குள் ஜிடிபி (GTP) என்கிற சிறு மூலக்கூறு வந்து ஜி-புரதத்தில் உட்கார்ந்தால் ஜி-புரதம் கழன்று போய்த் தன் வேலையைப் பார்க்கும்; ஏற்பியின் பிடி தளரும். சாதா ஜிடிபி சற்று நேரத்தில் உடைந்துவிடும், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். காமா எஸ் என்பது ஒரு ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்த போலி. அது லேசில் உடையாது. ஜி-புரதம் கழன்றது கழன்றதுதான்.

ஆகவே குழாயில் ஜிடிபி காமா எஸ் போட்டதும் மெலடோனின் பிணைப்பு தளர்ந்தால், அந்தக் குழிக்குப் பின்னால் ஒரு ஜி-புரதம் இருந்தது என்று பொருள். கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கிற சோதனை இது. மனிதச் சிறுநீரகத்தில் தட்டினார்கள், ஆள் இருந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஏற்பிகளின் மரபணுக்களே கையில் கிடைத்தன. 1994-இல் ஸ்டீவன் ரெப்பர்ட் குழு பாலூட்டிகளின் முதல் ஏற்பியை, இன்றைய எம்டி1-ஐ, குளோன் செய்தது, 1995-இல் எம்டி2. மனிதனில் முதலாவது 350 அமினோ அமிலங்கள், இரண்டாவது 362. இரண்டுமே சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கிற வகை. வழக்கமாக செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் அளவைக் குறைக்கிற ஜி-புரதத்தோடு சேர்பவை.

1997-இல் கினிப் பன்றியின் சிறுநீரகத்தில் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். எம்டி1 வகை ஏற்பி முக்கியமாக, வடிந்த நீரை முதலில் வாங்கும் அண்மைச் சுருள் நுண்குழல் செல்களில், அதுவும் அவற்றின் அடிப்பக்கச் சவ்வில் இருப்பதாகத் தெரிந்தது. இந்தச் சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் செல்லுக்கு இரண்டு முகம். ஒன்று குழலுக்குள், வடிந்த நீரைப் பார்த்தபடி; மற்றொன்று பின்புறம், இரத்த நாளங்களைப் பார்த்தபடி. கழிவாகப் போகும் மெலடோனினைப் பிடிக்கத்தான் அந்தப் பொருள் அங்கே இருக்கிறது என்றால் குழல் பக்கம் இருப்பதுதான் பொருத்தம். அது இருந்தது இரத்தத்தின் பக்கம். ஹார்மோன் செய்தி வருகிற திசையும் அதுதான்.

1998-இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனிலிருந்து வந்த ஆய்வு மனிதக் கருவின் சிறுநீரகத்தைப் பற்றியது. பிணைப்பு இடங்களையும் பார்த்தார்கள், இரண்டு ஏற்பிகளின் மரபணு வெளிப்பாட்டையும் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின. கருவுக்குச் சொந்தமாக இரவு பகல் மெலடோனின் தாளம் கிடையாது. பிறந்து சில மாதங்கள் ஆனபின்தான் அது பிடிபடும். அதுவரை அதற்குத் தெரிந்த இரவு தாயின் இரவுதான். தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடந்து வரும். அந்தச் சின்னச் சிறுநீரகத்தில் ஏற்பி இருக்கிறது என்பதிலிருந்து அது அங்கே என்ன செய்கிறது என்பதற்குப் போக இன்னும் வெகு தூரம் உண்டு. ஆனாலும் ஏற்பி என்கிற பெயருக்கு அங்கே சாட்சி இரண்டு பக்கமும் இருந்தது.

இனி ஹாம்ஸ்டருக்கு வருவோம்.

1980-களின் கடைசியில் ஹாம்ஸ்டர் மூளையில் அயோடோமெலடோனின் ஒட்டும் ஒரு விசித்திரமான இடம் தென்பட்டது. எவ்வளவு குறைந்த செறிவில் ஒட்டுகிறதோ அவ்வளவு இறுக்கம் என்பது கணக்கு. மற்ற விலங்குகளில் கண்டதெல்லாம் பிக்கோமோலார் இறுக்கம், இது நானோமோலார்; பிக்கோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒன்று. ஏறத்தாழ நூறு மடங்கு தளர்ச்சி. ஆகவே பழைய பெயரிடலில் இறுக்கமானதை எம்எல்1 என்றும் தளர்ந்ததை எம்எல்2 என்றும் பிரித்தார்கள். ஒட்டுவதும் கழல்வதும் அங்கே படுவேகமாக நடந்தன. அறை வெப்பத்தில் வைத்துக் கழுவினால் எண்ணுவதற்குள் ஓடிவிடும். பனிக்கட்டி வெப்பத்தில் செய்தால்தான் நிற்கும்.

அதோடு போகவில்லை. மெலடோனினுக்கு முந்தைய படியான என்-அசிட்டைல் செரட்டோனின், எம்டி1-ஐயும் எம்டி2-ஐயும் சீண்டக்கூட முடியாத பலவீனமான பொருள், இங்கே மெலடோனினுக்குச் சமமாக ஒட்டியது. பிரசோசின் என்கிற இரத்த அழுத்த மாத்திரையும் ஒட்டியது. பிரசோசினுக்கும் தூக்க ஹார்மோனுக்கும் என்ன உறவு? அன்றைக்கே யாராவது நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அதுவே இந்த இடத்தின் தனி அடையாளமாகிப்போனது. 1996-இல் அதற்கென்றே தனிக் கதிரியக்கப் பொருள் ஒன்றும் வந்தது. 1998-இல் ஏற்பிகளுக்கு முறையான பெயர் வைத்தபோது எம்டி3 என்று பட்டியலில் மூன்றாம் இடமும் கிடைத்தது.

மரபணு கிடைக்காத ஒன்றை எப்படிப் பிடிப்பது? நேரே புரதத்தைத்தான் பிடிக்க வேண்டும். செர்வியே ஆட்கள் ஹாம்ஸ்டர் சிறுநீரகத்தை எடுத்தது அதற்காகத்தான். அந்தப் பிணைப்பு அங்கே தாராளமாக இருந்தது. எம்டி3-இல் ஒட்டும் பொருளைப் பொருத்திய பிரிப்புக் குழாயில் சாற்றை ஓடவிட்டு, ஒட்டியதை மட்டும் பிரித்து, நிறை நிறமாலைமானியில் அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். வந்த பதில்: குயினோன் ரிடக்டேஸ் 2. மனித நொதியோடு 95 சதவீதம் ஒற்றுமை. 1961-லேயே ஒரு தடவை கண்டு சொல்லப்பட்டு, பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த நொதி அது.

சரி, கலப்படமாக இருக்கலாமே என்று சந்தேகப்படுவது நியாயம். அதற்கும் விடை சொன்னார்கள். சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களில் (இங்கேயும் ஹாம்ஸ்டர்தான்!) நொதியும் இல்லை, எம்டி3 பிணைப்பும் இல்லை. மனித நொதியின் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தியதும் இரண்டும் ஒன்றாக வந்தன. 2004-இல் இன்னொரு பக்கத்திலிருந்து பூட்டினார்கள். அந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளின் உறுப்புகளில் எம்டி3 பிணைப்பு காணாமல் போயிருந்தது. போட்டால் வருகிறது, எடுத்தால் போகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தக் குடும்பத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1996-இல் மெலடோனின் ஏற்பிகளைப் போலவே வரிசை கொண்ட ஒரு புரதம் கிடைத்தது. இன்று அதன் பெயர் ஜிபிஆர்50. சொந்தக்காரர்தான், முகஜாடை அப்படியே. ஆனால் அதில் மெலடோனின் ஒட்டவே ஒட்டாது. ஒட்டுகிற எம்டி3 குடும்பத்தில் இல்லை. குடும்பத்தில் இருப்பது ஒட்டவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஹாங்காங்கில் 1995-இல் கண்டதும் இந்த நொதிதானா? மனிதனிலும் இந்த நொதி இருக்கிறது. அயோடோமெலடோனின் இரண்டையும் பிடிக்கும். சந்தேகத்துக்கு இடம் உண்டுதான்.

இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மனிதச் சிறுநீரகத்தில் கண்டது இறுக்கமான பிக்கோமோலார் பிணைப்பு. நொதியின் நானோமோலார் தளர்பிடி அல்ல. இரண்டாவதுதான் முக்கியம்: ஜிடிபி காமா எஸ். நொதிக்குப் பின்னால் ஜி-புரதம் கிடையாது. அந்தப் போலி ஜிடிபி எவ்வளவு ஊற்றினாலும் நொதியின் பிடி தளர வேண்டிய அவசியமே இல்லை. மனிதத் திசுவில் பிடி தளர்ந்தது. எம்டி3 இப்படிக் கவிழப்போகிறது என்று 1995-இல் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் குழு தட்டிப் பார்க்காமல் விடவில்லை. வழக்கமான சோதனைதான், ஆனால் ஐந்து வருடம் கழித்து அவர்களைக் காப்பாற்றியது அதுதான்.

எண்களை வைத்தும் ஒரு தரம் உரசிப் பார்க்கலாம். இளம் வயதினர் ஒருவரின் இரத்தத்தில் நள்ளிரவில் மெலடோனின் மில்லிலிட்டருக்கு 60 பிக்கோகிராம் என்று வைப்போம். சாதாரணமாகக் காணும் அளவுதான். மூலக்கூறு எடை 232. வகுத்தால் சுமார் 260 பிக்கோமோலார். ஏற்பியின் பாதி நிரம்ப 100 பிக்கோமோலார் தேவை என்று எடுத்துக்கொண்டால், நள்ளிரவில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக நிரம்பியிருக்கும். பகலில் 5 பிக்கோகிராமுக்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. இரவையும் பகலையும் பிரித்தறிய இது போதும். நொதிக்கு வாருங்கள். அதன் பிடி 30 நானோமோலார் என்று தாராளமாக வைத்தாலும் நள்ளிரவில் நூற்றில் ஒன்றுகூட நிரம்பாது. பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான். நொதியின் வேலையைத் தடுக்க மெலடோனின் இன்னும் அதிகம், மைக்ரோமோலார் அளவுக்கு, வேண்டும். உடல் தானாகச் சுரக்கும் மெலடோனினை அது கவனிக்க வழியில்லை.

இந்தக் கணக்கு எனக்கு இன்னொரு இடத்திலும் உதவுகிறது. மெலடோனின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று எலிகளில் நடந்த சோதனைகள் ஏராளம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது அவற்றில் சர்வசாதாரணம். எலிக் கணக்கை மனிதனுக்கு அப்படியே பெருக்கக் கூடாது, தெரியும். இருந்தாலும் தூக்கத்துக்குக் கொடுக்கிற 3 மில்லிகிராம் மாத்திரையே இரத்த அளவை இயற்கையான இரவு உச்சத்துக்கு எத்தனையோ மடங்கு மேலே தூக்கிவிடும் என்கிறபோது, கிலோவுக்கு 10 மில்லிகிராமில் ஏற்பி எப்போதோ நிரம்பி வழிந்துவிட்டது. அதற்குமேல் நடக்கும் நன்மைக்கு ஏற்பியைக் காரணம் காட்ட வேண்டுமானால் தனியாக நிரூபிக்க வேண்டும். அந்த அளவில் மெலடோனின் நேரடியாகவே ஆக்சிஜனேற்றப் பொருள்களை அணைக்கும், குயினோன் ரிடக்டேஸையும் தொந்தரவு செய்யக்கூடும். "சிறுநீரகத்தில் ஏற்பி உள்ளது, ஆகவே மெலடோனின் காக்கிறது" என்கிற வாக்கியத்தில் அந்த "ஆகவே" இன்னும் சம்பாதிக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுவார்கள். நெதர்லாந்தில் 67 பேரை வைத்து 12 மாதம் நடந்த மெலடி ஆய்வில் 3 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூன்றாவது மாதத்தில் தூக்கத்தின் சில அளவுகள் முன்னேறின. ஆண்டு முடிவில் வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு வித்தியாசம் இல்லை. அது தூக்கத்தைப் பற்றிய கேள்வி, பதில் மூளையில் இருக்கிறது. சிறுநீரக ஏற்பிக்கு அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

சிறுநீரகத்துக்குத் தனித் தாளம் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. இரவில் சிறுநீர் குறைவதும் செறிவதும் நாம் தினமும் பார்ப்பதுதான். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் செல்களுக்குள்ளேயே கடிகார மரபணுக்கள் ஓடுகின்றன. அந்தக் கடிகாரத்துக்கு நேரம் சொல்ல வாசோபிரெஸ்ஸின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள், சாப்பாட்டு நேரம் என்று ஏற்கெனவே பலர் வரிசையில் நிற்கிறார்கள். அண்மைச் சுருள் நுண்குழலின் பின்பக்கச் சவ்வில், ஃபெம்டோமோல் கணக்கில் இருக்கும் சில எம்டி1 ஏற்பிகள் அந்தக் கூட்டத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசுகின்றன? அதைச் சொல்ல வேண்டுமானால் மனித நுண்குழல் செல்லில், நள்ளிரவில் இரத்தத்தில் இருக்கிற அதே அளவு மெலடோனினைக் கொடுத்து, சைக்ளிக் ஏஎம்பி இறங்குகிறதா, சோடியம் போக்குவரத்து மாறுகிறதா என்று அளக்க வேண்டும். ஏற்பியை நீக்கிய செல்லில் அது நடக்கக் கூடாது. எம்டி3-ஐக் கவிழ்த்த அதே போடு, எடு கணக்குதான்.

2019-இல் மனித எம்டி1-இன் முப்பரிமாண வடிவம் வெளியானது. அந்தப் படங்களில் ஒன்றில் ஏற்பியின் குழிக்குள் உட்கார்ந்திருந்தது நம்முடைய பழைய 2-அயோடோமெலடோனின். இந்த முறை கதிரியக்கம் இல்லாதது. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை போய்விட்டது, நேராகவே பார்த்தார்கள். சிறுநீரகத்தில் மட்டும் இன்னும் எண்ணித்தான் பார்க்கிறோம்.